எந்த ஊர் மணி?

வானகரம் சுங்கச்சாவடி ரசீதில் நேரமும் இருக்கும், சாவடியின் பெயரும் இருக்கும். கோடிக்கணக்கில் சிப்களைச் சோதிக்கும் தொழிலில் இந்தச் சின்ன ஒழுங்குகூட முழுமையாக இல்லை. 1980-களில் டெரடைன் நிறுவனம் உருவாக்கி, இன்று பல ஆலைகளில் புழங்கும் எஸ்டிடிஎஃப் என்ற சோதனைத் தரவுக் கோப்பு வடிவத்தைத்தான் சொல்கிறேன்.

அதன் நான்காம் பதிப்பில் தேதியும் நேரமும் சேர்ந்து ஒரே எண். 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகள், நான்கு பைட்டில். அந்தக் காலத்து வட்டு விலைக்கு இது புத்திசாலித்தனமான சிக்கனம். நாள் முதலா மாதம் முதலா என்ற சண்டையே எழாது. வரிசைப்படுத்துவதும் கழிப்பதும் சுலபம். குறியில்லா எண் என்பதால், குறியுள்ள எண் 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலும் இதைத் தொடாது, 2106 வரை தாங்கும்.

கோளாறு விதியின் கடைசிச் சொற்களில் இருக்கிறது: அந்த விநாடிகளை உள்ளூர் நேரப்படி எண்ண வேண்டும். எந்த ஊர் என்று எழுதத் தனிப் புலம் கிடையாது. ஆலையின் அடையாளத்துக்கு ஓர் இடம் உண்டு. அதை நிரப்புவது அவரவர் விருப்பம்.

அம்பத்தூரில் உட்கார்ந்து பினாங்கு ஆலையின் தரவை அலசும் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். அங்கே காலை 10 மணிக்கு ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சிப்களின் சோதனை, முடிகிறது. கால் மணி நேரத்தில் கோப்பு சென்னைக்கு வந்துவிடுகிறது. இங்கே அப்போது மணி 7.45. சோதனை முடிவதற்கு இரண்டேகால் மணி நேரம் முன்பே முடிவு வந்துவிட்டதாகக் கணினி சொல்லும். அந்த எண்ணை உலகப் பொது நேரம் என்று நினைத்து நிரல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால், அதே லாட் மாலை 3.30-க்கு முடிந்ததாகும்.

கோடை நேரம் உள்ள நாடுகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. நவம்பரில் டெக்சாஸ் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னே போகும் இரவில், 1.50-க்குத் தொடங்கி நாற்பது நிமிடம் ஓடிய சோதனை 1.30-க்கு முடிந்ததாகப் பதிவாகும். குறியில்லா எண்ணாகவே கழித்தால் சோதனைக்கு ஆன காலம் சுமார் 136 ஆண்டு! நம் நாட்டில் கோடை நேரம் இல்லாததால் இந்த ஓட்டை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மதராசுக்கு உள்ளூர் நேரம் புதுத் தலைவலியும் அல்ல. 1906-இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை இங்கே ஓடியது மதராஸ் நேரம், இன்றைய கணக்கைவிட சுமார் ஒன்பது நிமிடம் குறைவு. ஊருக்கொரு மணி வைத்து ரயில் ஓட்ட முடியாது என்று ரயில்வேக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள்.

எஸ்டிடிஎஃப்பின் இன்னொரு குறை, தனிச் சிப்புக்குக் கடிகார நேரம் இல்லாதது. லாட்டுக்கும் வேஃபர் என்னும் சிலிக்கன் தட்டுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒவ்வொரு சிப்புக்கும் சோதனை எத்தனை மில்லிவிநாடி ஓடியது என்பது மட்டும்தான். இயந்திரம் நடுவில் அரை மணி நேரம் நின்றிருந்தால், எந்தச் சிப்புக்குப் பின் நின்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. விளைச்சல் (தேறும் சிப்களின் விகிதம்) ஏன் சரிந்தது என்று தேடுகிறவருக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

வாகனச் சோதனையில் புழங்கும் எம்டிஎஃப் என்ற கோப்பு வடிவம் இதைவிட நேர்மையானது. 2009-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு நேரத்தை நானோவிநாடியில் குறிக்கிறது. நேர மண்டல வித்தியாசத்தையும் கோடை நேரத்தையும் நிமிடக் கணக்கில் தனியே எழுத இடம் தருகிறது. இந்தியாவுக்கு 330. முழு மணி நேர வித்தியாசத்தை மட்டுமே எதிர்பார்க்கும் நிரல்கள் நம் அரை மணியில் தடுக்கி விழுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதற்காக எஸ்டிடிஎஃப்பைத் தூக்கி எறியத் தேவையில்லை. இத்தனை கருவிகள் படிக்கும் வடிவத்தின் நான்கு பைட்டை இனி மாற்றுவதும் நடக்காது. ஆனால் பயனர் விரும்பியதை எழுதும் பொதுப் பதிவு அதே வடிவத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஜாகிரோடு, சனந்த் சிப் ஆலைகளின் சோதனைப் பிரிவுகள் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்தப் பதிவில் 330-ஐ எழுதிவிடட்டும்.