பஞ்சாங்கமும் பால்மாவும்: சாப்பாட்டுக் கடை தொடங்கும் முன்

யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக் கடை திறக்க எண்ணுபவர் அடுப்பு வாங்க முதல் ஒரு பஞ்சாங்கம் வாங்க வேண்டும். எந்த நாளில் எந்தக் கறிக்கு ஆள் வரும், எந்த நாளில் வராது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மரக்கறி. நல்லூர்க் கோவிலில் திருவிழாக் கொடியேறிவிட்டால் 25 நாட்களுக்கு மச்சச் சட்டியைத் தொடாத குடும்பங்கள் ஏராளம். பிறகு கந்தசஷ்டி ஆறு நாள். ஆட்டிறைச்சியை மட்டும் நம்பி ஆடி மாதத்தில் கடை திறப்பவர், வாடகையும் சம்பளமும் கட்டத் தொடங்கும் முதல் மாதத்திலேயே வெறும் மேசைகளைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு, ஆனால் நாட்கள் வேறு. புரட்டாசியை எடுத்துக்கொள்வோம். அங்கே அது பெருமாளுக்குரிய மாதம். மாதம் முழுக்க அசைவத்தை விடுபவர்கள் நிறைய இருப்பதால் கோழிக்கடையிலும் பிரியாணிக் கடையிலும் கூட்டம் குறையும். யாழ்ப்பாணத்தில் புரட்டாசிச் சனி என்றால் சனீசுவரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நாள். சனிக்கிழமை கழிந்தால் ஞாயிறு காலை மீன் சந்தையில் வழக்கமான இரைச்சல்தான். கார்த்திகை பிறந்ததும் தமிழ்நாட்டில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்கள் பெருகுவார்கள். அவர்களில் பலர் அசைவமும் சமைக்கும் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள். சைவ மேசை தனியாகப் போட்டிருந்தாலும் பயன் இல்லை. வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி ஆகிய நாட்களில் சென்னையில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி மாநகராட்சியே உத்தரவிடும். இலங்கையில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அலுவலகச் சாப்பாட்டுப் பார்சலை நம்பியிருக்கும் கொழும்புக் கடை அன்று பானையைச் சிறிதாக்க வேண்டும்.

நாளுக்கு அடுத்தது நேரம். சென்னை மாநகராட்சி 2013 இல் அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது காலையில் ஒரு ரூபாய்க்கு இட்லி, மதியம் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் என்று கொடுத்தது. பின்னர் இரவுக்குச் சப்பாத்தியும் வந்தது. சர்க்கரை நோய்க்குப் பயந்து இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய நகரத்தின் பழக்கத்துக்கு அது பொருந்திப்போனது. அதே இரவுச் சப்பாத்தியை யாழ்ப்பாணத்தில் முதன்மைப் பண்டமாக வைத்தால் எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம். இங்கே இரவுக்குப் புட்டு, இடியப்பம், இல்லையென்றால் பாண். பாண்தான் இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளி. இலங்கையில் பருப்புக் கறியும் சம்பலும் வைத்தால் பாண் ஒரு நேரச் சாப்பாடு. தமிழ்நாட்டில் பிரெட் என்பது பெரும்பாலும் காய்ச்சல்காரருக்கு வாங்கிப் போவது, அல்லது ஆம்லெட்டோடு மாலையில் தின்பது. பாணும் பருப்பும் மட்டும் வைத்து மதுரையில் ஒருவர் கடை போட்டால், சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நிற்காது.

மதியச் சாப்பாட்டில் இந்த வித்தியாசம் கடையின் ஆள்கணக்கு வரைக்கும் போகிறது. தமிழ்நாட்டில் சாப்பாடு என்றால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுச் சோறு. ரசம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் வாடிக்கையாளரின் முகம் மாறும். வாளியோடு மேசைக்கு மேசை நடக்க ஆட்கள் வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் கடை திணறும். கொழும்பில் பார்சலில் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகிறது: சோறு, மூன்று மரக்கறி, ஒரு துண்டு மீன் அல்லது கோழி, மேலே ஒரு பப்படம். விலையையும் அந்தத் துண்டுதான் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கே சுற்றிப் பரிமாறுபவரைவிட விரைவாகக் கட்டத் தெரிந்த கைகள்தான் தேவை. ஆனால் அரிசியில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சிவப்பரிசியா, சம்பாவா என்று கேட்டுவிட்டுத்தான் பலர் காசை எடுப்பார்கள். சென்னையிலிருந்து சமையற்காரரை வரவழைத்து, அங்குள்ள பட்டியலையே சுவரில் எழுதி இங்கே கடை திறக்கும் போக்கு எனக்குக் கவலை தருகிறது. வெளிநாட்டில் உழைத்த பணத்தையும் அடகு வைத்த நகையையும் போட்டுத் தொடங்கும் கடைகள் அவை.

ஒரே பெயருள்ள உணவும் ஏமாற்றும். யாழ்ப்பாணத்துச் சொதி இடியப்பத்துக்கு மேல் ஊற்றும் நீர்த்த மஞ்சள் பாற்குழம்பு, அன்றாடம் வைப்பது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் சொதி மறுவீட்டு விருந்துக்கு உரியது. பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த கெட்டியான குழம்பு, சோற்றோடும் இஞ்சித் துவையலோடும் வரும். கொத்தும் அப்படித்தான். இலங்கையில் மெல்லிய ரொட்டியோடு லீக்ஸும் கரட்டும் கொத்துப்படும். மதுரைக்காரர் தேடுவது மைதாப் பரோட்டாவும் சால்னாவும்.

தேநீர்க் கடைக்குத்தான் முதல் குறைவாகத் தேவை என்று பலர் அதில் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் தேநீர் பசும்பாலில் நிற்கிறது. ஆவின் பால் பாக்கெட்டில் எந்த நிறம் என்பது தேநீர் மாஸ்டருக்கு முக்கியமான கேள்வி. பால் கொஞ்சம் நீர்த்தால் தினமும் வருபவர் உடனே கண்டுபிடிப்பார். இலங்கையில் கடைத் தேநீர் பெரும்பாலும் பால்மாவில்தான், அதுவும் இறக்குமதி செய்த பால்மாவில். 2021 இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து விலையும் ஏறியபோது பல கடைகளில் பால் தேநீரே நின்றுபோனது. அந்தக் கடைகளைக் காப்பாற்றியது பிளேன்ரீ. இஞ்சி தட்டிப் போட்ட சாயத் தண்ணீரை வசதி குறைந்தவரின் பானமாகப் பார்க்காமல் எல்லோரும் விரும்பிக் குடிக்கும் ஊரில்தான் அது முடிந்தது. மதுரையில் பால் நின்றால் தேநீர்க் கடையே நின்றுவிடும். அதனால் தமிழ்நாட்டில் தொடங்குபவர் முதலில் பேசவேண்டியது பால்காரரோடு. இலங்கையில் தொடங்குபவர் பால்மா இல்லாத ஒரு மாதத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தேநீரோடு தின்பதிலும் பழக்கம் மாறுகிறது. இலங்கையில் ரோல்ஸ், பற்றீஸ், வடை எல்லாம் ஒரு தட்டில் நிறைந்து மேசைக்கு வரும்; தின்றதற்கு மட்டும் காசு. தமிழ்நாட்டில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தாங்களே எடுத்துத் தின்றுவிட்டு, போகும்போது கணக்குச் சொல்வார்கள். இரண்டும் நம்பிக்கையில் நடப்பவை, இரண்டையும் எண்ணிக் கொடுக்கும் முறைக்கு மாற்றினால் வருபவர் மனம் நோகும். சட்டப்படி செய்யவேண்டியவற்றை இரு இடங்களிலும் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது: இந்தியாவில் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, இலங்கையில் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும்.

இங்கே தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களுக்குப் போய்ப் பாருங்கள் என்பதுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒன்று இருக்கிறது. தோசை, வடை, குரக்கன் பண்டங்கள், இலைக்கஞ்சி என்று வீட்டில் பழகிய சமையலையே அவர்கள் வருபவரின் கண்முன் செய்து விற்கிறார்கள். ஒரு கிழமை காலையிலும் மாலையிலும் போய் ஓரமாக இருந்து, எது முதலில் தீர்கிறது, எதை யார் பார்சலாக வாங்கிப் போகிறார்கள், வெள்ளியில் எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.