துயரில் விளைந்த நகை

சார்லி சாப்ளின் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் நாம் பெரிதும் மதிப்பது அதன் முற்பகுதியையே. புகழ்பெற்றோரைச் சந்தித்த செய்திகள் மலிந்த பிற்பகுதி சலிப்பைத் தருகின்றது. இலண்டனில் கழிந்த வறிய பிள்ளைப்பருவமோ நெஞ்சில் நிலைக்கின்றது.

தந்தை குடியால் அழிந்தார். மேடைப் பாடகியான தாய் குரலை இழந்தார். பின்னர் மனநலமும் குன்றினார். ஏழு வயதில் சாப்ளின் ஏழைகள் காப்பகத்திற் சேர்க்கப்பட்டார். ஆயினும் நூலில் புலம்பல் இல்லை. சன்னலருகே அமர்ந்து, தெருவிற் செல்வோரைப் போல் நடித்துக் காட்டிய தாயிடமே தம் கலையைக் கற்றதாக அவர் நன்றியுடன் கூறியுள்ளார்.

ஒருநாள், அறுப்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆடொன்று தப்பியோடியது. அதைத் துரத்தியவர்கள் தடுமாறி விழுவதைக் கண்டு தெருவே சிரித்தது. சிறுவன் சாப்ளினும் சிரித்தான். ஆடு பிடிபட்டதும், அதைக் கொல்லப் போகின்றார்களே என்று தாயிடம் ஓடி அழுதான். தம் படங்களில் துயரும் நகையும் கலந்ததற்கு வித்து இதுவோ என முதுமையில் அவர் எண்ணிப் பார்க்கின்றார்.

1921இல் வெளிவந்த ‘தி கிட்’ படத்தில், அனாதை விடுதிக்குக் கொண்டுசெல்லப்படும் சிறுவனை ஏழை நாடோடி ஒருவன் போராடி மீட்கின்றான். தமக்குக் கிட்டாத மீட்பைச் சாப்ளின் கலையில் படைத்துக்கொண்டார் என்றே நாம் கருதுகின்றோம். அங்கு நம்மைச் சிரிக்க வைப்பது அந்நாடோடியின் இல்லாமையன்று. இல்லாமையிலும் அவன் விடாத மிடுக்கே.

பட்ட துன்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல நாணும் பெற்றோர் நம்மிடையே பலர். மறைத்த துன்பம் கசப்பாகும். அன்போடு நினைத்துச் சொன்னாலோ ஆறும். அவர்கள் இம்முற்பகுதியையேனும் படித்தல் வேண்டும்.