சிரிக்கிற எழுத்தில் சாட்சியமா?

எழுத்துருவுக்கும் குணம் உண்டு. மும்பை 'ஏக் டைப்' குழு உருவாக்கிய 'பாலூ தம்பி' தடித்தது, முனையெல்லாம் உருண்டது, சிரிச்ச முகம். இலவசம், யாரும் எடுத்தாளலாம், திருத்தலாம். காசில்லாத நம் இயக்கங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கொல்லிமலை அடிவாரம் முள்ளுக்குறிச்சியில் ஏப்ரல் 14க்குத் தட்டி வைக்கிறோமென்றால் அம்பேத்கர் பெயரை இதில் போடலாம். பஸ்ஸில் போறவனுக்கும் தெரியும். ஊர் பார்க்க அந்தப் பெயர் பெருசா நிற்பதே அரசியல்தான்.

ஆனால் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் சாட்சியத்தை இதில் அச்சிடுவதை நான் ஏற்கமாட்டேன். சின்ன அளவில் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஐந்து கனங்களில் கிடைக்கிறதே என்பார்கள். மெலிந்தாலும் சிரிப்பு போகவில்லையே! அடிபட்டவள் பேச்சு அதில் வேடிக்கையாகிடும். தலைப்புக்கு வேறு, சாட்சியத்துக்கு வேறு எழுத்து வேண்டும். துண்டறிக்கை போடும் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.