மூன்று கட்டங்கள்

எங்கள் வீட்டுக்கு வந்த ஆங்கில நாளிதழில் எல்லாப் பக்கங்களும் எல்லோருக்கும் பொது. ஒரே ஒரு பக்கம் மட்டும் அப்பாவுடையது. குறுக்கெழுத்தும், பிரிட்ஜ் சீட்டாட்டப் பத்தியும், ‘வரலாற்றில் இன்று’ பெட்டியும் அந்தப் பக்கத்தில்தான் வரும். காலை ஆறரைக்கு அதை நான்காக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறப்பார். அழித்து எழுத வேண்டியிருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால் பென்சில் தொட்டதில்லை. அந்த முக்கால் மணி நேரம் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடக்கூடாது. அதே முக்கால் மணி நேரத்தில்தான் அம்மா மூன்று டிபன் பாக்ஸ் கட்டுவார், தண்ணீர் பிடிப்பார், என் தலையைப் பின்னிவிடுவார்.

நாவல்களையும் திரைப்படங்களையும் பெண்ணிய நோக்கில் நிறையப் படித்துவிட்டோம். இந்தப் பக்கத்தை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. பொழுதுபோக்கு, அதில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போகிறோம். ஆனால் எந்த நாவலையும்விட அதிகம் பேர், எந்த நாவலையும்விட ஒழுங்காக, தினந்தோறும் படிக்கும் பக்கம் இது. எது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அறிவு, யாருடைய ஆட்டம் பேசத்தக்கது, எந்தத் தேதி நினைவில் நிற்க வேண்டியது ஆகிய மூன்றையும் சத்தமில்லாமல் முடிவு செய்கிற பக்கமும் இதுதான்.

முதலில் குறுக்கெழுத்து. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிர்தான் முதல் குறுக்கெழுத்து என்பது பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதே அலுவலகத்தில் செயலாளராகச் சேர்ந்த மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்ற இளம்பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. பிழை மலிந்து, கட்டங்கள் தப்பாகி, வாசகர்களின் கோபக் கடிதங்களோடு தடுமாறிக்கொண்டிருந்த அந்தப் புதிரை உட்கார்ந்து சரிசெய்தவர் அவர். 1924இல் வெளிவந்த முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தின் தொகுப்பாளர்கள் மூவரில் ஒருவர். அதே ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்தப் பித்தைக் கேலி செய்து எழுதியது. 1942இல் அதே நாளிதழ் தானும் குறுக்கெழுத்து வெளியிட முன்வந்தபோது, தன் முதல் குறுக்கெழுத்து ஆசிரியராக அவரைத்தான் அழைத்தது. அப்போது அவர் பெயர் மார்கரெட் ஃபேரர். 1969 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இன்னொருவர் ரூத் ஹேல். பத்திரிகையாளர். திருமணத்துக்குப் பிறகும் பெண் தன் பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக 1921இல் ‘லூசி ஸ்டோன் லீக்’ அமைப்பைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். கணவர் பெயரில் கொடுக்க முன்வந்த பாஸ்போர்ட்டை வேண்டாம் என்று மறுத்தவர். இவர்தான் அமெரிக்காவில் குறுக்கெழுத்து ஆர்வலர்களுக்காக அமைந்த சங்கத்துக்கும் தலைவரானார். இந்த இரண்டு வேலைகளுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கட்டத்துக்குள் வேறு யாரோ எழுதிய பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளாதவர் அவர்.

அமெரிக்கக் குறுக்கெழுத்தில் அக்காலத்தில் நிலைபெற்ற விதி ஒன்று உண்டு. எந்த எழுத்தும் தனியாக நிற்கக்கூடாது. குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் அது பொருந்த வேண்டும். வெறும் அழகுக்கான விதி அல்ல இது. புதிர் போடுகிறவர் மனதில் நினைத்ததை, விடை எழுதுகிறவர் இன்னொரு திசையிலிருந்து சரிபார்த்துக்கொள்ள முடியும். இந்த விதி இல்லாத கட்டத்தில் என்ன நடக்கும் என்பதை என் அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கும் ஒரு புதிர் இருந்தது. ஒரு தமிழ் வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டி. மதியம் பாத்திரம் கழுவிவிட்டு, ஈரம் காயாத கையோடு, என் பழைய பென்சிலால் நிரப்புவார். ஒரு வாரம் இப்படி ஒரு குறிப்பு வந்தது: பெண்ணுக்கு அழகு தருவது, மூன்று கட்டம். மேலிருந்து இறங்கிய ‘பருவம்’ கடைசிக் கட்டத்தில் ‘ம்’ என்று வந்து நின்றது. மற்ற இரண்டு கட்டங்களையும் எந்தச் சொல்லும் தொடவில்லை. அம்மா ‘ஞானம்’ என்று எழுதினார். அடுத்த வாரம் வந்த விடை ‘நாணம்’.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. “தப்பாயிடுச்சேம்மா” என்றேன்.

“ம் சரியாத்தானே இருக்கு” என்றார்.

பல வருடங்கள் அதை அம்மாவின் வேடிக்கைப் பேச்சாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது அது ஒரு நல்ல விமர்சகரின் வாக்கியமாகப் படுகிறது. சரிபார்க்க முடிந்த ஒரே எழுத்தில் அவர் சரியாகவே இருந்தார். மற்ற இரண்டு கட்டங்களிலும் இருந்தது மொழியறிவு அல்ல, புதிர் போட்டவரின் அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்குக் கட்டம் போட்டு, எண் கொடுத்து, அடுத்த வாரம் ‘சரியான விடை’ என்று தலைப்பிட்டு அச்சிட்டால் அது அறிவாகிவிடுகிறது. ‘கணவனை இழந்தவள்’ என்ற குறிப்பை எத்தனையோ புதிர்களில் பார்த்திருக்கிறேன். மூன்று கட்டம், விதவை. ‘மனைவியை இழந்தவன்’ என்ற குறிப்பை நான் பார்த்ததே இல்லை. அதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் மனைவியை இழந்தவனின் நிலையைத் ‘தபுதார நிலை’ என்கிறது. அகராதியில் ‘தபுதாரன்’ இருக்கிறது, ஐந்து கட்டம். ஆனால் அந்தச் சொல்லால் யாரையும் கூப்பிட்டதில்லை, யாரையும் மங்கல காரியத்திலிருந்து ஒதுக்கி வைத்ததில்லை. அதனால் புதிரில் போட்டால் யாருக்கும் தெரியாது. ‘சுலபமான’ குறிப்பு என்பது சமூகம் தினமும் புழங்கிப் பழகிய குறிப்பு.

அப்பாவின் ஆங்கிலப் புதிருக்கு வருகிறேன். ஒருநாள் அவர் வாய்விட்டுக் கேட்டார்: “அஞ்செழுத்து... தையல்ல ஒரு வகையாம்.” அடுப்படியிலிருந்து அம்மா, “சாடின் பொருந்துதான்னு பாருங்க” என்றார். அப்பா, “அதெல்லாம் இருக்காது” என்றார். சற்று நேரம் கழித்துப் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அது சாடின்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், அம்மா பதில் சொன்னதாக நினைவில்லை. அண்மையில்தான் கேட்டேன், தெரியாமல் இருந்தாரா என்று. “தெரியும். சொன்னா அவருக்கு அன்னிக்கு விளையாட்டு கெட்டுடும்ல” என்றார்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு விதித்தவற்றில் ‘மடம்’ என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் பொருள், அறிந்தும் அறியாததுபோல் இருப்பது. நாணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மடத்தைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது. விடை தெரிந்தும் அடுப்படியில் வாய் மூடி நின்ற பெண்களின் கணக்கை எந்தப் புதிர்ப் பக்கமும் வைத்துக்கொள்ளவில்லை.

இனிச் சீட்டாட்டம். பிரிட்ஜில் நால்வர், இருவர் இருவராகக் கூட்டு. ஏலம் முடிந்ததும் எடுத்தவரின் கூட்டாளி தன் பதின்மூன்று சீட்டுகளையும் மேசைமேல் திறந்து வைத்துவிட வேண்டும். அதன்பின் அவர் ஆடக்கூடாது, எந்தச் சீட்டைப் போடலாம் என்று சொல்லக்கூடாது. அவருக்குப் பெயர் ‘டம்மி’. நாளிதழ்ப் பத்திகளில் ஆட்டத்தை எடுத்து ஆடுகிறவர் பெரும்பாலும் ‘தெற்கு’. அப்பா படித்த பத்தியில் தெற்கு எப்போதும் ‘அவன்’தான். எதிரே சீட்டைத் திறந்து வைத்துவிட்டு மௌனமாக இருக்கும் வடக்கைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது. எங்கள் வீட்டைப் பற்றித்தான் யாரோ விளையாட்டு விதி எழுதிவிட்டார்கள் என்று தோன்றும்.

1929 செப்டம்பரில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மிர்டில் பென்னட், ஜான் பென்னட் தம்பதியர் பக்கத்து வீட்டுத் தம்பதியரோடு பிரிட்ஜ் ஆடினார்கள். நான்கு இஸ்பேட் ஏலத்தை எடுத்து ஆடிய ஜான் தோற்றார். மிர்டில்தான் டம்மி. அவர் கணவரின் ஆட்டத்தைக் குறை சொன்னார். விருந்தாளிகள் எதிரிலேயே கணவர் அவரைத் திரும்பத் திரும்ப அறைந்தார். மிர்டில் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார், ஜான் இறந்தார். 1931இல் நடுவர் குழு மிர்டிலை விடுவித்தது. ஓர் உயிர் போனதை நான் கொண்டாடவில்லை. என்னை உறுத்துவது அதன்பின் நடந்தது. அந்த நான்கு இஸ்பேடை எப்படி ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று வல்லுநர்கள் சீட்டுச் சீட்டாக ஆராய்ந்தார்கள். அந்தக் கதை இன்றும் பிரிட்ஜ் உலகின் நகைச்சுவைத் துணுக்கு. சீட்டை அலசியவர்கள் அறையை அலசவில்லை.

பத்தி எழுதியவர்கள் எல்லோரும் ஆண்களும் அல்லர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து லண்டன் வந்த ரிக்ஸி மார்கஸ், 1955 முதல் ‘கார்டியன்’ நாளிதழில் பிரிட்ஜ் பத்தி எழுதினார். 1974இல் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இந்தப் பெயரை நான் அப்பாவின் வாயிலிருந்து கேட்டதில்லை.

விடுதியில் யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி எனக்கு 304 கற்றுத்தந்தாள். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. “ராணிக்கு ரெண்டுதானா?” என்று கேட்டதற்கு அவள், “துருப்பா வந்தா அந்த ரெண்டு, மற்றச் சாதி ஜாக்கையும் வெட்டும்” என்றாள். மதிப்பெண் ஒன்று, வலிமை இன்னொன்று என்று புரிந்தது. சீட்டின் மதிப்பு சீட்டில் இல்லை, விதியில் இருக்கிறது.

கடைசியாக, ‘வரலாற்றில் இன்று’. இந்தப் பெட்டியில் நான் கவனிப்பது வினைச்சொற்களை. ‘1921: சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது.’ வழங்கப்பட்டது! 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியதும், அதே டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டதும் அந்த ஒரு வினைமுற்றுக்குள் கரைந்துவிடுகின்றன. ‘1938 நவம்பர் 13: ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் வழங்கப்பட்டது.’ யார் வழங்கினார்கள்? தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. ஓர் ஆண் தலைவரை இனி எப்படி அழைப்பது என்று பெண்கள் கூடித் தீர்மானித்த நாள் அது. தமிழ்நாடே அந்தத் தீர்மானத்தின்படிதான் இன்றும் அழைக்கிறது. பெட்டியில் பட்டம் இருக்கும், கொடுத்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

புதிரும் வரலாறும் சேர்ந்து வரும் துணுக்கு ஒன்று உண்டு. 1942இல் ‘டெய்லி டெலிகிராஃப்’ குறுக்கெழுத்தைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர்கள் சிலரைப் பிரிட்டன் தன் ரகசியக் குறியீட்டு மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு அழைத்துக்கொண்டது என்பது. அந்த மையத்தில் வேலை செய்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்பது துணுக்கில் வராது. கணிதவியலாளர் ஜோன் கிளார்க்குக்குப் பதவி உயர்வு கொடுக்கப் பெண்களுக்கான பொருத்தமான படிநிலை இல்லாததால், அவரை ‘மொழியியலாளர்’ என்று பதிவு செய்தார்கள். படிவத்தில் மொழிகள் என்ற இடத்தில் அவர் ‘எதுவுமில்லை’ என்று நிரப்பினார். அதுவும் ஒரு கட்டம்தான்.

2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அப்பாவின் முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரியும். அவரை நான் கொடுமைக்காரராகக் காட்டவில்லை. எனக்குச் சொற்களின்மேல் ஆசை வந்தது அந்த மடித்த பக்கத்தைத் தோள்வழியே எட்டிப் பார்த்துத்தான். ஆனால் எட்டிப் பார்த்த நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ‘தப்பாயிடுச்சேம்மா’ என்று சொன்னது அப்பா அல்ல, நான்.

என் வகுப்பில் மாணவிகளுக்கு இரண்டு பயிற்சிகள் கொடுக்கிறேன். ஒரு வாரத்து ‘வரலாற்றில் இன்று’ பெட்டிகளை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு ‘பட்டது’வையும் எடுத்துவிட்டு எழுவாயைத் தேடி எழுத வேண்டும். பிறகு ஒரு குறுக்கெழுத்து அமைக்க வேண்டும், ஒரே விதியோடு: எந்த எழுத்தும் தனியாக நிற்கக்கூடாது. இரண்டாவதுதான் கடினம் என்கிறார்கள். கடினம்தான். நாம் நினைத்ததை விடையாகத் திணிக்க அந்தக் கட்டம் இடம்கொடுக்காது.

அவர்கள் அமைத்த புதிர்களை வீட்டுக்கு எடுத்துவருவேன். அம்மா நிரப்புவார். இப்போது அவர் பேனாவால் எழுதுகிறார்.