கேப்டனா யாரைப் போடலாம்?

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ். ஜன்னலோர சீட், மடியில் கால் கிலோ பால்கோவா. பக்கத்து சீட்டில் நைட் ஷிஃப்டுக்குப் போகிற மில் தொழிலாளி, இருபத்திரண்டு வயது இருக்கலாம். செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டான்.

"அண்ணே, கேப்டனா யாரைப் போடலாம்?"

இந்த ஊர்ப் பக்கம் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்பார்கள், மணி கேட்பார்கள். கேப்டன் கேட்டது இதுதான் முதல் தடவை. எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ராஜஸ்தானும் குஜராத்தும் ஜெய்ப்பூரில் மோதுகின்றன. ஏதோ ஒரு செயலியில் பதினோரு பேர் டீம் போட்டுக்கொண்டிருந்தான். கேப்டன் இடத்தில் வைபவ் சூர்யவன்ஷி. பதினாலு வயசுப் பையன். அதற்கு முன் ஆடியதே இரண்டு மேட்ச்.

"ஏம்ப்பா, சாய் சுதர்சனைப் போடக்கூடாதா? நம்ம ஊர்க்காரர், நல்லா ஆடிக்கிட்டு இருக்கார்."

"அவரைத்தாண்ணே எல்லாரும் போடுவாங்க. எல்லாரும் போட்டா நமக்கு என்ன லாபம்?"

நான் பி.காம். படித்தவன். சும்மா இருக்க முடியுமா? இரண்டு மேட்சை வைத்து ஒருவனை மதிப்பிடக் கூடாது, அனுபவத்துக்கு முதலிடம் கொடு என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். பையன் தலையாட்டினான். சூர்யவன்ஷி போனார், சாய் சுதர்சன் வந்தார். மில் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டான்.

அன்று ராத்திரி நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. சூர்யவன்ஷி 35 பந்தில் சதம். மொத்தம் 38 பந்தில் 101. குஜராத் அடித்த 209 ரன்னை ராஜஸ்தான் 16 ஓவருக்குள் தாண்டிவிட்டது. சாய் சுதர்சன் எடுத்தது 39. டி.வி. முன்னால் பால்கோவாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கணக்கில் எங்கே தப்பு? அதைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு விலை ஒட்டியிருப்பார்கள். உங்கள் கையில் நூறு பாயின்ட் பட்ஜெட். அதற்குள் பதினோரு பேரை வாங்க வேண்டும். நிஜ மேட்சில் அவர்கள் செய்வதற்கெல்லாம் புள்ளி. கேப்டன் எடுப்பது இரண்டு மடங்கு, வைஸ் கேப்டன் எடுப்பது ஒன்றரை மடங்கு. காசு கட்டி ஆடிய காலத்தில், அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசுப் பணம்.

இது நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் ஆரம்பித்த பேஸ்பால் விளையாட்டு. அவர்கள் கூடிச் சாப்பிட்ட ஹோட்டலின் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது: 'ரோட்டிசெரி' பேஸ்பால். சீசனுக்கு முன்னால் உட்கார்ந்து ஆட்களை ஏலம் எடுப்பார்கள். யார் தேறுவான், எந்தப் பொடியன் அடுத்த வருஷம் மேலே வருவான் என்று பட்டியல் போடுவார்கள். சீசன் முழுக்க அதே டீம்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க பேஸ்பால் சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். நல்ல ஆட்டக்காரன் பத்து நாள் சொதப்பினாலும் மீதி 150 நாளில் அவன் யாரென்று தெரிந்துவிடும். அங்கே தரவரிசைக்கு ஓர் அர்த்தம் உண்டு. நாம் என்ன செய்தோம்? அந்த ஆட்டத்தை எடுத்து ஒரே ஒரு ராத்திரிக்குள் அடைத்தோம். ட்வென்ட்டி-20-ல் ஓர் அணிக்கு மொத்தமே 120 பந்து. ஓப்பனிங் ஆடுகிறவர் இருபது முப்பது பந்து பிடித்தாலே பெரிய விஷயம். அந்த முப்பது பந்தை வைத்துத் திறமைக்கு மார்க் போடுவது, ஒரே ஒரு நாள் கல்லாவைப் பார்த்துக் கடைக்கு விலை பேசுவது மாதிரி.

அந்த மார்க் ஷீட்டையும் கொஞ்சம் பாருங்கள். பல வருஷம் புழக்கத்தில் இருந்த அட்டவணைப்படி ஒரு ரன்னுக்கு 1 புள்ளி, கேட்சுக்கு 8, விக்கெட்டுக்கு 25. மூன்று ஓவர் கட்டிப்போட்டு பேட்ஸ்மேனைத் தவிக்க வைப்பார் ஒருவர். தவித்த பேட்ஸ்மேன் அடுத்த முனையில் ஒரு மோசமான பந்தைத் தூக்கியடித்து அவுட்டாவார். 25 புள்ளி மோசமான பந்து போட்டவருக்கு. கட்டிப்போட்டவருக்குச் சிக்கனத்துக்கு என்று ஏதோ சில்லறை. இந்த அட்டவணை கிரிக்கெட்டைப் பார்க்கவில்லை. ஸ்கோர் கார்டைப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றென்று நம்பிப் பட்டியல் போடுகிற 'நிபுணர்கள்' மேல்தான் எனக்கு வருத்தம்.

சரி, சின்னப் பட்டியலை விடுங்கள். கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்கள் போடும் பெரிய பட்டியல் எப்படி? ஐ.பி.எல். ஏலத்தைச் சொல்கிறேன்.

2018 டிசம்பர் ஏலத்தில் நம்ம வருண் சக்கரவர்த்தியின் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. முதல் மேட்சில் முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார். அந்த சீசனில் ஆடியது அந்த ஒரு மேட்ச்தான், விடுவித்துவிட்டார்கள். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா கொடுத்தது 4 கோடி. ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே. 2021 உலகக் கோப்பையில் மூன்று மேட்ச், ஒரு விக்கெட்டும் இல்லை. கதை முடிந்தது என்றார்கள். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். அதே வருஷம் செப்டம்பரில் ட்வென்ட்டி-20 பந்துவீச்சில் உலகின் நம்பர் ஒன்.

சாய் சுதர்சன் கதை இன்னும் வேடிக்கை. 2022-ல் குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 பிப்ரவரியில் டி.என்.பி.எல். ஏலம். கோவை அணி கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம்! அகில இந்திய விலையை விடத் தமிழ்நாட்டு விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதிகம். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குச் சரக்கு தெரிந்திருக்கிறது. அந்த மே மாதம் ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. 2025-ல் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பியும் வாங்கினார்.

அமெரிக்காவில் மைக் பியாஸா என்று ஒருவர். 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாகத் தேர்வானவர். அதாவது, அவருக்கு முன்னால் 1,389 பேர் 'இவரை விட மேல்' என்று பட்டியல் சொன்னது. 2016-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குள் போனார்.

கல்லூரியில் கணக்குப் பதிவியலில் ஒரு விதி படித்தேன். கைவசம் உள்ள சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிடு. வராத லாபத்தை வந்ததாக எழுதாதே. இளம் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வராத லாபத்தை முதலிலேயே எழுதிவிட்டு, வரவில்லையென்றால் பையனைத் திட்டுகிறோம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2005-ல் தபால்தலையில் ஏறிய புகழ்பெற்ற நாய் இனம். வாங்க வருகிறவர்கள் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று பார்த்துப் பார்த்துத் தூக்குவார்கள். விஷயம் தெரிந்தவர் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பார். அந்த வெள்ளை இனத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு. பட்டியல் நிறத்தைச் சொல்லும். கை தட்டிப் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது திறமை விளையாட்டுதான் என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது. இருக்கலாம். ஆனால் யாருடைய திறமை? கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் அலசி ஒரே மேட்சுக்குப் பல டீம் இறக்குகிறவரும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டீம் போடுகிற மில் பையனும் ஒரே களத்தில். கட்டுகிற பணத்தில் நடத்துகிறவர் கமிஷன் எடுப்பார். 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. தப்பித் தவறி ஜெயித்தால் நிகர லாபத்தில் 30 சதவீதம் வரிப் பிடித்தம். மூன்று பேருக்குப் பங்கு கொடுத்துவிட்டு மீதியில் லாபம் பார்க்க எத்தனை சாமர்த்தியம் வேண்டும்! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை. பெரிய செயலிகள் பணப் போட்டிகளை நிறுத்தின. பட்டியல் போடும் ஆசையை எந்தச் சட்டமும் நிறுத்தாது, நிறுத்தவும் வேண்டாம். சீசன் ஆரம்பத்தில் தேறப்போகிற பத்துப் பேரை எழுதிக் கவரில் ஒட்டி வையுங்கள். கடைசி நாள் பிரியுங்கள். செலவு ஒரு கவர். உங்கள் கண் எவ்வளவு நல்ல கண் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்படியானால் என் கணக்கில் தப்பு எங்கே? இரண்டு மேட்சை வைத்து மதிப்பிடாதே என்றது சரி. அதையே ஒரே ராத்திரி ஆட்டத்துக்குச் சொன்னதுதான் தப்பு. ஒரு வருஷத்துக்கான புத்தியை ஒரு நாளுக்கு விற்றேன். நஷ்டம் எனக்கில்லை, அவனுக்கு.

அந்த அக்டோபரில் ராஜபாளையம் டீக்கடையில் அவனே பார்த்துக் கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான்.

"நீங்க சொன்னதால போகலண்ணே. அதுக்கு முன்னாடியே மூணு மாசம் சீட்டுக் கட்டுற காசு அதுல போயிருச்சு. அன்னிக்கு ஜெயிச்சிருந்தா இன்னும் போட்டிருப்பேன்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் ஆடுகிறானாம். இந்தத் தடவை நான் கேட்டேன்: "அங்க கேப்டனா யாரைப் போடுவீங்க?"

"அங்கயா? காலையில ஆறு மணிக்கு வீடு வீடாப் போயி பதினோரு பேரையும் எவன் எழுப்பிக் கூட்டிட்டு வர்றானோ, அவன்தாண்ணே கேப்டன்."

எந்த அட்டவணையிலும் அதற்குப் புள்ளி இல்லை.