கட்டை சொல்லும் காந்தாரம்

முப்பது வயதுக்குமேல் ஆர்மோனியம் பழகத் தொடங்கிய அன்பர்களே (நானும் உங்களுள் ஒருவன்), கட்டையை அழுத்தியதும் சுரம் பிறந்துவிட்டதென மகிழ்கிறோம். அது சரியான சுரந்தானா? ஸட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வுகள் எனக் கொள்ளுங்கள். 5:4 விகிதப்படி அந்தர காந்தாரம் 300. எண்மத்தைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுத்த ஆர்மோனியத்திலோ ஏறத்தாழ 302.4! இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஸட்ஜத்தின் ஐந்தாம் சீரிசையும் காந்தாரத்தின் நான்காம் சீரிசையும் மோதி, வினாடிக்கு ஒன்பது பத்து விம்மல்கள் எழும். பஞ்சமம் தப்பியது, பிழை அரை அதிர்வுகூட இல்லை.

கமகம் பேசாது என்ற குறையும் நியாயமே. ஆனாலும் வானொலி 1940 முதல் 1971 வரை இக்கருவியை விலக்கிவைத்தது மிகை. முதிர்ந்த தொடக்கக்காரருக்கு இதைவிட எளிய வாசல் ஏது? நான் தம்பூராவுடன் காந்தாரத்தைப் பாடிய பிறகே கட்டையைத் தொடுகிறேன். இரண்டும் ஒட்டாதது சில வாரங்களாகத்தான் காதில் விழுகிறது.