கண்ணுக்குத் தெரியும் சோதனை

வலைப்பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் செலினியம் மென்பொருளை 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் சிகாகோவில் உருவாக்கினார். அதன் தொடக்க வடிவில் சோதனைப் படிகள் அட்டவணையாக உலாவியிலேயே தெரியும். தேறிய படி பச்சை, தவறியது சிவப்பு. மாணவருக்கு இதைவிட நல்ல ஆசான் ஏது?

பிற்காலக் கருவியான பிளேரைட்டில், கண் தொடர்வதற்காக ஒவ்வொரு செயலுக்கும் சில நூறு மில்லிவினாடி தாமதம் புகுத்தலாம். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பக்கம் தயாராகுமுன் பொத்தானை அழுத்துவதால் நேரும் பிழை இத்தாமதத்தில் மறைந்துவிடக்கூடும். சிறு கிண்ணத்து வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை இட்டால், அளக்கப் புகுந்ததே வெப்பநிலையை மாற்றிவிடுகிறதல்லவா?

சைப்ரஸ் செய்வது மேல். படிதோறும் பக்கத்தின் நிலையைப் பதிந்து வைத்து, பின்னர் அப்படியின்மேல் சுட்டியை நிறுத்தினால் காட்டுகிறது. அப்பதிவுகள் நினைவகத்தை விழுங்குவதுதான் குறை.